தேரியிலிருந்து விசாகப்பட்டினம்

கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் கடைசி நாளுக்கு நேராக ஒரே ஒரு வரி இருந்தது: 'களப்பயணம், எர்ரமட்டி திப்பலு, பீமுனிப்பட்டினம்.' ஆய்வுச் சுருக்கத்தை அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்த என்னை அந்த வரிதான் அனுப்ப வைத்தது. எங்கள் ஊர்த் தேரியைப் போன்ற செம்மணல் மேடுகளை இந்தியக் கரையில் வேறு எங்காவது பார்க்க வேண்டுமென்றால் விசாகப்பட்டினத்துக்கு வடக்கே, பீமிலி என்கிற பீமுனிப்பட்டினம் போகும் வழிக்குத்தான் போக வேண்டும். இலங்கையின் வடமேற்குக் கரைச் செம்மணலையும் சேர்த்துக்கொண்டால் தெற்காசியாவில் இதன் பேர்பெற்ற இடங்கள் அவ்வளவுதான். அவற்றில் ஒன்றின் ஓரத்தில் பிறந்து, அதையே ஆய்வுக்கும் எடுத்துக்கொண்ட நான் இன்னொன்றைப் பார்க்காமல் எப்படி இருப்பது?

தேரியைப் பார்க்காதவர்களுக்கு அதைச் சொல்லியாக வேண்டும். திருச்செந்தூரிலிருந்து சாத்தான்குளம் பக்கம் போகிறவர்கள் வழியில் தரை திடீரென்று செங்கல் நிறத்துக்கு மாறுவதைப் பார்த்திருப்பார்கள். அது குதிரைமொழித் தேரி. காயாமொழி, தேரிக்குடியிருப்பு, மேலப்புதுக்குடி என்று அதன் ஓரங்களில் ஊர்கள். தெற்கே திசையன்விளை, இடையன்குடி வரை துண்டு துண்டாக இதே மண்தான். உள்ளே பனை, கொல்லாமரம், குடை பிடித்தாற்போல் நிற்கும் உடைமரம். நடுப்பகலில் செருப்பில்லாமல் ஓர் அடி வைக்க முடியாது. ஆடியில் மேற்குத் தொடர்ச்சி மலையின் கணவாய்களைத் தாண்டி வரும் காற்று இந்த மணலைக் கிளப்பிவிட்டால் பாதையே மறைந்துபோகும். வெள்ளைக்காரன் காலத்தில் ஊருக்குள் நகர்ந்து வந்த மணலை நிறுத்த மரம் நட்டுப் போராடியிருக்கிறார்கள்.

ஆனால் அதே மணலுக்குள் தண்ணீர் இருக்கிறது. பெய்த மழை ஓடி வீணாகாமல் அப்படியே இறங்கிவிடும். பள்ளமான இடத்தில் சுனையாகக் கசியும். அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில் அப்படியொரு சுனையின் கரையில்தான் இருக்கிறது. கற்குவேல் அய்யனார் கோயிலில் கார்த்திகை முடியும்போது இளநீரை வெட்டி நடத்தும் கள்ளர் வெட்டுக்கு வரும் கூட்டம், அந்த இளநீர் சிந்திய செம்மணலை முந்தியில் முடிந்துகொண்டு போய் வீட்டிலும் வயலிலும் போடும். எங்கள் தாத்தா பனையேறியவர். தேரி ஓரத்து விடிலிக் குடிசையில் ஆச்சி பதநீர் காய்ச்சிக் கருப்பட்டி ஊற்றியிருக்கிறாள். இப்படி எங்களுக்குச் சோறு போட்ட மண்ணுக்கு அரசாங்கத் தாள்களில் எழுதியிருக்கும் பெயர் தரிசு.

புறப்படும்போது ஆச்சி கேட்டாள்: "ஏட்டி, அந்த மண்ணு இங்கனயே கெடக்கு. அதப் பாக்கவா அம்புட்டுத் தூரம் போற?"

"அங்க அது கிழிஞ்சு கெடக்காம் ஆச்சி. உள்ள இருக்கது தெரியுமாம்."

அவளுக்கு அது சரியான பதிலாகப் பட்டதா என்று தெரியவில்லை. கட்டுச்சோற்றோடு ஒரு பொட்டலம் கருப்பட்டியையும் பையில் வைத்தாள்.

நெல்லை எக்ஸ்பிரஸில் எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல், மறுபடியும் ஓர் இரவு ரயில். சென்னையிலிருந்து விசாகப்பட்டினம் ஏறக்குறைய 780 கிலோமீட்டர். போஸ்டரைச் சுருட்டித் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பி.வி.சி. பைப்பில் அடைத்திருந்தேன். ஸ்லீப்பர் பெட்டியில் அதை வைக்க வசதியான இடம் கிடையாது. மேல் பெர்த்தில் தலைமாட்டிலேயே வைத்துக்கொண்டு படுத்தேன். எதிர் பெர்த்தில் இருந்த அம்மா அதைத் தூண்டில் என்றே நினைத்திருக்கிறார். "சேபலு?" என்று மீனைக் கையால் காட்டிக் கேட்டார். "இல்லம்மா, மண்ணு" என்று தரையைக் காட்டினேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நன்றாகவே நடந்தது, பாதி தெலுங்கு, பாதி தமிழ், மீதி கை.

கோதாவரிக்காக அலாரம் வைத்திருந்தேன். ராஜமுந்திரி வரும்போது கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது. பாலத்தின் நீளம் 2.7 கிலோமீட்டருக்கு மேல். ரயில் நிதானமாகத்தான் போகும், அதனால் ஆற்றை முழுசாகப் பார்க்கலாம். நடு ஆற்றில் மணல் திட்டுகள், அவற்றில் கட்டிக் கிடந்த படகுகள். அருகிலேயே 1997 இல் ரயில் போக்குவரத்து நின்றுபோன பழைய ஹேவ்லாக் பாலத்தின் தூண்கள். கொஞ்சம் கீழே தவளேஸ்வரத்தில்தான் ஆர்தர் காட்டன் 1852 இல் அணைக்கட்டைக் கட்டி முடித்தார். அடியாழம் தெரியாத மணலில் அடித்தளம் போடும் முறையைக் கல்லணையைக் கட்டியவர்களிடமிருந்துதான் கற்றோம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். காவிரி மணலில் கரிகாலன் காலத்தவர்கள் கண்ட உத்தி கோதாவரிக்குப் போய், ஒரு டெல்டாவையே நெல் வயலாக்கியது. மணலைப் படிக்கிறவளுக்கு இதைவிடப் பெரிய சரித்திரம் எது? நான் அந்தப் பாலம் முடியும்வரை கதவருகேயே நின்றேன்.

அன்னவரம், துனி தாண்டியதும் இடது பக்கம் கிழக்குத் தொடர்ச்சி மலைகள் நெருங்கி வந்தன. வலது பக்கம் கடல் இருக்கும் திசையில் பனைகள், எங்கள் பனைகளேதான். அனகாபள்ளியில் வெல்லம் விற்றுக்கொண்டிருந்தார்கள். நாட்டின் பெரிய வெல்லச் சந்தைகளில் அது ஒன்று. எதிர் பெர்த் அம்மா ஒரு துண்டு வாங்கித் தந்தார், நான் உடன்குடிக் கருப்பட்டியை உடைத்துக் கொடுத்தேன். வாயில் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் தலையை ஆட்டினார்.

விசாகப்பட்டினத்தின் ரயில் நிலையத்துக்கு 1987 வரை வால்டேர் என்றுதான் பெயர். ஹவுரா போகும் வண்டிகள் பல இங்கே வந்து எஞ்சினை மறுபக்கம் மாட்டிக்கொண்டு திரும்பிப் போகும். மலையும் கடலும் இடம் விடாமல் நெருக்குகிற ஊர் இது. கடலுக்குள் நீட்டிக்கொண்டு நிற்கும் குன்றை டால்பின் மூக்கு என்கிறார்கள். அதன் மறைவில்தான் 1933 இல் திறந்த துறைமுகம். ஊரைச் சுற்றியுள்ள குன்றுகள் பெரும்பாலும் கொண்டலைட் பாறை. ஒடிசாவின் கோண்டு பழங்குடிகளின் பெயரை வைத்த பாறை அது. குவார்ட்ஸ், கார்னெட், சில்லிமனைட் எல்லாம் அதற்குள் இருக்கின்றன. மழையும் வெயிலும் பாறையைத் தின்னும்போது இந்தக் கனிமங்கள் உதிர்ந்து ஓடைகளோடு கடலுக்கு வருகின்றன. கடற்கரை மணலைக் கையில் எடுத்தால் இந்த மலைகளைத்தான் கையில் எடுக்கிறோம்.

கருத்தரங்கு நடந்தது ஆந்திரப் பல்கலைக்கழக வளாகத்தில். 1926 இல் தொடங்கிய பல்கலைக்கழகம், கொஞ்ச காலத்திலேயே வால்டேருக்கு இடம் மாறியது. புவியியல் மாணவர்களுக்கு அந்த வளாகம் முக்கியமானது. சி. வி. ராமனோடு கல்கத்தாவில் வேலை பார்த்த சி. மகாதேவன் இங்கே வந்து 1941 இல் நிலவியல் துறையைத் தொடங்கினார். 1950-களில் அமெரிக்கக் கடலியலாளர் யூஜின் லாஃபாண்டு இங்கே வந்து தங்கி, மாணவர்களைக் கப்பலில் ஏற்றிக் கடலை அளக்கப் பழக்கினார். கரைக்கு அப்பால் வங்கக் கடலின் அடியில் பெரும் பள்ளத்தாக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்றுக்கு ஆந்திரா என்றும் இன்னொன்றுக்கு மகாதேவன் என்றும் லாஃபாண்டு பெயர் வைத்தார். கடலுக்கடியில் ஒரு பள்ளத்தாக்குக்குத் தங்கள் ஆசிரியர் ஒருவரின் பெயர் இருப்பது அந்த மாணவர்களுக்கு எத்தனை பெருமையாக இருந்திருக்கும் என்று வேப்பமர நிழலில் நின்று நினைத்துப் பார்த்தேன்.

அமர்வுகளை எல்லாம் இங்கே விவரிக்கப் போவதில்லை. காலையில் பதிவு, கழுத்தில் அட்டை, துணிப்பை, நோட்டு, பேனா. குத்துவிளக்கு, பொன்னாடை, நேரத்தை மீறிய வரவேற்புரைகள். மதியம் புளிஹோரா, கோங்குரா, பப்பு. இதெல்லாம் எல்லாக் கருத்தரங்கிலும் நடப்பது. மனதில் நின்றது போஸ்டர் அமர்வு. என் போஸ்டரில் குதிரைமொழித் தேரியின் மணல் பருமன் அளவுகள், கனிமச் சதவீதங்கள், 1956 இல் ஸோய்னரும் ஆல்ச்சினும் வெளியிட்ட தேரிக் கற்கருவி இடங்களின் வரைபடம். மெஞ்ஞானபுரம், நாசரேத், சாயர்புரம், புத்தன்தருவை என்று எங்கள் பஸ் ரூட்டில் வருகிற ஊர்களிலேயே அவர்கள் நுண்கற்கருவிகளைப் பொறுக்கியிருக்கிறார்கள். நகக்கண் அளவு செர்ட் சில்லுகள். பனை நடுவதற்கு முன்னால், சாமிக்குச் சுனை காவல் கொடுப்பதற்கு முன்னால், அந்தச் சிவப்பு மேட்டில் உட்கார்ந்து யாரோ அம்பு முனை செய்திருக்கிறார்கள்.

வெள்ளைத் தலை, வெயிலில் கறுத்த முகம், சட்டைப் பையில் கைலென்ஸ். ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவர் போஸ்டர் முன்னால் நின்று அட்டவணையை வரிவரியாக வாசித்தார். பிறகு திரும்பிக் கேட்டார்:

"எல்லாம் மேல் மண். உள் மண் எங்கே அம்மா? செக்‌ஷன் காட்டு."

எங்கள் தேரி சமமானது, சார். ஓடை அறுத்த கரை கிடையாது. குழி தோண்டினால் ஓர் ஆள் ஆழத்துக்கு மேல் பக்கங்கள் சரிந்துவிடும். கிணறு வெட்டும்போது போய் நின்று எடுத்ததுதான் அந்தக் கடைசி இரண்டு வரி. சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நாளைக்கு வா. எங்கள் மண் வயிற்றைத் திறந்து வைத்திருக்கிறது" என்றார்.

மாலையில் ராமகிருஷ்ணா கடற்கரை. ஊரே அங்கேதான் இருக்கிறது. முரி மிக்சர் தள்ளுவண்டிகள், மணலில் ஏற்றி நிறுத்திய குர்சுரா நீர்மூழ்கிக் கப்பல், அதைப் பார்க்க வரிசையில் நிற்கும் குழந்தைகள். ஒன்றாகப் போயிருந்த குண்டூர் ஆய்வு மாணவியும் நானும் அலை வந்து போன ஈரத்தில் குனிந்து நடந்தோம். அலை வடிந்த இடத்தில் கறுப்பு வரிகள், அவற்றின் ஓரத்தில் ரோஜா நிறத்தில் பட்டை பட்டையாகக் கார்னெட். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட். கனமான மணிகளை அலை கரையில் விட்டுவிட்டு லேசானவற்றைத் திரும்ப இழுத்துக்கொண்டு போவதால் இப்படிப் பிரிகிறது. அவள் பையிலிருந்து காந்தத்தை எடுத்து மணலுக்குள் நுழைத்தாள். முள்முள்ளாக ஒட்டிக்கொண்டு வந்தது மேக்னடைட்.

அந்தக் கடற்கரை நிற்பதற்கே ஓர் ஏற்பாடு தேவைப்படுகிறது. நம் கிழக்குக் கரையில் வருடத்தின் பெரும்பகுதி அலைகள் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. குறுக்கே துறைமுகம் கட்டினால் தெற்கில் மணல் தேங்கும், வடக்கில் கரை அரிக்கும். சென்னையில் துறைமுகத்துக்குத் தெற்கே மெரினா அகலமானதும், வடக்கே ராயபுரம், திருவொற்றியூர்ப் பக்கம் கடல் வீடுகளைத் தின்றதும் இதனால்தான். விசாகப்பட்டினத்தில் துறைமுகத்துக்குத் தெற்கே தேங்கும் மணலைத் தூர்வாரும் கப்பல்கள் அள்ளி, குழாய் வழியாக வடக்கே இந்தக் கடற்கரையில் கொட்டுகின்றன. மணலை ஒரு கரையிலிருந்து இன்னொரு கரைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கிற இந்த வேலை வருடந்தோறும் நடந்தாக வேண்டும். கடலோரத்தில் ஏதாவது கட்ட நினைப்பவர்கள் முதலில் இங்கே வந்து இதைப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை பஸ் கடற்கரைச் சாலையில் வடக்கே போனது. ருஷிகொண்டா, தொட்லகொண்டா குன்று, மங்கமாரிப்பேட்டை. தொட்லகொண்டாவின் உச்சியில் பாறையில் வெட்டிய நீர்த்தொட்டிகளோடு ஒரு பௌத்த மடம் இருந்திருக்கிறது. கடலைப் பார்த்தபடி வாழ்ந்த துறவிகள். பஸ்ஸில் யாரும் அதற்கு இறங்கவில்லை, எல்லாருக்கும் அன்றைக்கு ஒரே நினைப்புதான்.

பீமிலிக்கு முன்னாலேயே சாலையின் இடது பக்கம் சிவந்தது. முந்திரி, பனை, தரையில் மெல்லிய புல். இறங்கி நடக்கத் தொடங்கியபோது ஒரு நிமிடம் காயாமொழியில்தான் நடக்கிறேன் என்று தோன்றியது. செருப்புக்குள் புகும் மணலின் சூடு, அதே நிறம், அதே மௌனம். பத்திருபது எட்டு வைத்ததும் தரை இல்லாமல் போனது. காலடியில் ஒரு பள்ளம், இரண்டு மூன்று ஆள் உயரத்துக்கு. அது இன்னொரு பள்ளத்தில் சேர, அது இன்னொன்றில் சேர, மரத்தின் கிளைகள் அடிமரத்தை நோக்கிப் போவதுபோல எல்லாம் கடலை நோக்கிப் போயின. மழைத் தண்ணீர் அறுத்து வைத்த பள்ளங்கள். கரைகள் செங்குத்தாக நிற்க, இடையிடையே கோபுரமும் கத்தி முனையுமாக மண் தூண்கள். எங்கள் தேரியை ஒரு பெரிய கை எடுத்து நீளவாக்கில் அரிந்து காட்டினால் இப்படித்தான் இருக்கும்.

பள்ளத்துக்குள் இறங்கினோம். கீழே காற்று இல்லை. பேராசிரியர் ஒரு சுவரின் முன்னால் நின்று கைத்தடியால் கோடு கிழித்தார். மேலே வெளிர் மஞ்சள் மணல், கைபட்டால் உதிரும். அதன் கீழே செங்கல் சிவப்பு, இறுகியது, நகத்தால் கீறினால் மட்டும் உதிரும். அதற்கும் கீழே கருஞ்சிவப்பு. அதில் விரல் தடிமனில் வெள்ளைக் குழாய்கள் செங்குத்தாக இறங்கின. ஒரு காலத்தில் அங்கே நின்ற செடிகளின் வேர்களைச் சுற்றிச் சுண்ணாம்பு படிந்து கல்லானவை. செடி போய்விட்டது, வேரின் வடிவம் மட்டும் இருக்கிறது. நான் ஒன்றைத் தொட்டேன். சொரசொரப்பாக, உள்ளே துளையோடு இருந்தது.

கைலென்ஸை வாங்கிச் சிவப்பு மணல் மணி ஒன்றைப் பார்த்தேன். உள்ளே இருப்பது நிறமற்ற குவார்ட்ஸ்தான். மேலே மட்டும் மெல்லிய இரும்பு ஆக்சைடுப் பூச்சு, ஹெமடைட். மணியின் குழிகளில் சிவப்பு தடித்திருந்தது, துருத்திய முனைகளில் தேய்ந்து வெளிறியிருந்தது. பக்கத்தில் ஒரு கார்னெட் மணி, விளிம்பெல்லாம் அரித்துச் சின்னச் சின்னப் பள்ளங்களோடு. முந்தின மாலை கடற்கரையில் பார்த்த கார்னெட் பளபளப்பாக இருந்தது. இது ஆயிரக்கணக்கான வருடங்கள் மழை நீரில் கரைந்து தன் இரும்பைச் சுற்றியுள்ள மணிகளுக்குப் பூசிவிட்டது. மணல் இங்கே வந்து சேர்ந்த பிறகு சிவந்தது என்பதற்கு இந்த அரித்த மணியே சாட்சி என்றார் பேராசிரியர். உள்நாட்டுச் செம்மண் அப்படியே அடித்துக்கொண்டு வந்தது என்று வாதிடுகிறவர்களும் எங்கள் கூட்டத்தில் இருந்தார்கள். அடியில் உள்ள கூழாங்கல் அடுக்கைக் காட்டி, இது காற்றின் வேலை இல்லை, ஓடையின் வேலை என்றார்கள். வெயிலில் நின்று அரைமணி நேரம் சண்டை. 1886 இல் வில்லியம் கிங் இந்த மாவட்டத்தின் நிலவியலை எழுதிய காலத்திலிருந்து நடக்கிற சண்டை இது. தேரிக்கும் இதே வழக்கு உண்டு. கடல் கொடுத்த மணலா, ஆறு கொடுத்த மணலா என்று.

என்னைக் கேட்டால் இரண்டுக்கும் இடம் உண்டு என்பேன். சுமார் 20,000 வருடங்களுக்கு முன்னால் உலகத்தின் தண்ணீரில் ஒரு பங்கு பனியாக உறைந்து கிடந்தபோது கடல் இன்றையதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் கீழே இருந்தது. இப்போது மீன் பிடிக்கிற இடமெல்லாம் வெறும் மணல் வெளி. அதன்மேல் வீசிய காற்று சும்மா இருந்திருக்காது. பனி உருகிக் கடல் ஏறி வந்தபோது மேடுகள் கரையோடு தங்கிவிட்டன. காயாமொழியிலும் பீமிலியிலும் ஒரே காலத்தில் ஒரே கடல் ஒரே மாதிரி நடந்துகொண்டிருக்கிறது என்பதற்கு இந்த மண் எழுதி வைத்த கணக்கு உண்டு. அதை வாசிக்க நமக்கு அடுக்குகள் வேண்டும்.

அடுக்கின் வயதை எப்படி எடுப்பது என்று அன்றைக்குச் செய்து காட்டினார்கள். ஒரு முழ நீள இரும்புக் குழாயைச் சுவரில் வைத்துச் சுத்தியலால் அடித்து உள்ளே இறக்கினார்கள். குழாய் நிறைந்ததும் அதன் வாயைக் கறுப்புத் துணியால் மூடி, இன்னொரு கறுப்புத் துணியைப் போர்த்திக்கொண்டே வெளியே இழுத்து, இரண்டு முனையையும் அடைத்து டேப் சுற்றினார்கள். வெளிச்சம் ஒரு துளியும் உள்ளே போகக் கூடாது. மண்ணுக்குள் புதைந்த குவார்ட்ஸ் மணி, சுற்றியுள்ள கதிரியக்கத்தின் ஆற்றலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைக்கிறது. வெயில் பட்டால் அந்தச் சேமிப்பு அழிந்து கணக்கு பூஜ்யத்துக்குப் போய்விடும். ஆகவே இருட்டிலேயே எடுத்துப் போய், சிவப்பு விளக்கு மட்டும் எரியும் ஆய்வகத்தில் திறந்து, பிறகு ஒளியால் தூண்டி, அது எவ்வளவு ஆற்றலை வெளியே விடுகிறது என்று அளந்தால், கடைசியாக அந்த மணி வெயிலைப் பார்த்தது எப்போது என்று தெரியும். ஒரு மணல் மணி கடைசியாகச் சூரியனைப் பார்த்த நாளைக் கண்டுபிடிக்க மனிதனுக்கு வழி தெரிந்திருக்கிறது என்பதை நான் பாடத்தில் படித்திருந்தேன். அந்தக் குழாயை என் மடியில் வைத்துக் கறுப்பு டேப் சுற்றியபோது கை நடுங்கியது.

மேலே ஏறி வந்தபோது வேறொன்றையும் பார்க்க நேர்ந்தது. ஒரு பக்கம் மேடு வெட்டப்பட்டுத் தட்டையாகக் கிடந்தது. எர்ரமட்டி திப்பலுவை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை 2014 இல் தேசியப் புவி மரபுச் சின்னமாக அறிவித்தது. 2025 இல் இந்தியா யுனெஸ்கோவுக்குக் கொடுத்த தற்காலிகப் பட்டியலிலும் இது சேர்ந்தது. இடையில் 2024 இல், மேடுகளை ஒட்டி இயந்திரங்களை வைத்து மண்ணைச் சமப்படுத்தும் வேலை நடந்ததும், ஊர்க்காரர்களும் ஆய்வாளர்களும் குரல் கொடுத்ததும் செய்தியானது. கடல் தெரிகிற மேட்டு நிலத்துக்கு மனை விலை ஏறிக்கொண்டே போகிறது. மேட்டைத் தட்டையாக்கினால் பல்லாயிரம் வருடக் கணக்கு ஒரு நாளில் போய்விடும், திரும்ப வராது.

குண்டூர் மாணவி கேட்டாள்: "உங்கள் தேரி எந்தப் பட்டியலில் இருக்கிறது, அக்கா?"

தமிழ்நாட்டில் திருவக்கரைக் கல்மரங்கள் இருக்கின்றன, சாத்தனூர்க் கல்மரம், பரங்கிமலைச் சார்னோகைட், காரைப் பகுதியின் அரிப்பு நிலங்கள் இருக்கின்றன. தேரி இல்லை. அதன் ஒரு பகுதி காப்புக்காடாக இருப்பதால் மரங்களுக்குப் பாதுகாப்பு உண்டு. மண்ணுக்கென்று யாரும் எதுவும் எழுதி வைக்கவில்லை. 2007 வாக்கில் சாத்தான்குளம் பக்கத்துத் தேரி மணலிலிருந்து டைட்டானியம் எடுக்க ஒரு பெரிய திட்டம் வந்தது. இல்மனைட் எங்கள் மணலிலும் இருக்கிறதே. ஊர்கள் எதிர்த்து நின்றன, திட்டம் நின்றது. அப்போது நான் சிறுமி. தெருவில் பெரியவர்கள் பேசிக்கொண்டது ஞாபகம் இருக்கிறது: பனை போய்விடும், தண்ணீர் போய்விடும். அவர்கள் சொன்னது முழுக்கச் சரி. சுனைக்குத் தண்ணீர் தருவது அந்த மணலின் அடுக்குதான். அதை அள்ளிச் சலித்துத் திரும்பக் கொட்டினால் அடுக்கு போய்விடும், அடுக்கு போனால் தண்ணீர் தங்கும் விதமே மாறிவிடும். இதை நான் பீமிலியின் சுவரில் கண்ணால் பார்த்தேன். கருஞ்சிவப்பு அடுக்கின் தலையில் ஈரம் ஒரு கோடாகக் கசிந்து நின்றது. மேல் மணலில் இறங்கிய மழை அந்த இறுகிய அடுக்கில் நின்று பக்கவாட்டில் வருகிறது. அருஞ்சுனை எப்படி வருகிறது என்று சின்ன வயதில் நான் கேட்டபோது, அய்யனார் கொடுக்கிறார் என்றாள் ஆச்சி. அய்யனார் எந்த அடுக்கில் உட்கார்ந்து கொடுக்கிறார் என்று இப்போது எனக்கு ஓர் ஊகம் இருக்கிறது.

பஸ்ஸுக்குத் திரும்பும் வழியில் பேராசிரியரிடம் அதைச் சொன்னேன். நின்றுவிட்டார். "சுனைக்குப் பக்கத்தில் அதே அடுக்கு இருக்கிறதா என்று பார்த்தாயா?"

"அங்கே தோண்ட முடியாது சார், கோயில் இடம். ஆனால் சுற்றி ஊர்க் கிணறுகள் இருக்கின்றன. ரோடு போட வெட்டின சரிவு ஒன்று இருக்கிறது. செம்மண் அள்ளின பழைய குழிகளும் உண்டு."

"அள்ளின குழியா? அதுதான் உன் செக்‌ஷன். கெடுத்தவன் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறான், மூடிப்போவதற்குள் படித்துவிடு." குழாய்களைத் தங்கள் ஆய்வகத்தில் அளந்து தர ஏற்பாடு செய்வதாகவும், தை மாதத்தில் தானே வந்து பார்ப்பதாகவும் சொன்னார். எங்கள் ஊர் வெயிலைப் பற்றி எச்சரித்தேன். தன் நெற்றியைத் தொட்டுக் காட்டிச் சிரித்தார்.

திரும்பும் ரயிலில் என் ஆய்வுக் கைடுக்குப் போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது சான்றிதழைப் பற்றி. இரண்டாவதாகக் கேட்டது, எந்தெந்தக் குழி என்று. காயாமொழிக்குத் தெற்கே ஒன்று, மேலப்புதுக்குடிக்குப் போகும் பாதையில் ஒன்று, ரோட்டுச் சரிவு ஒன்று என்று சொல்லச் சொல்ல அவரும் எழுதிக்கொண்டார். காப்புக்காட்டு எல்லைக்குள் வருகிற இடத்துக்கு வனத்துறை அனுமதி வேண்டும், கோயில் பக்கத்துக்கு ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் போய்ச் சொல்ல வேண்டும். கருத்தரங்கில் கொடுத்த நோட்டின் முதல் பக்கத்தில், மாவட்ட வன அலுவலருக்கு எழுத வேண்டிய கடிதத்தை ஆரம்பித்தேன். துனி வருவதற்குள் ஒரு பக்கம் முடிந்தது. சுவரில் குழாய் இறக்க உத்தேசித்துள்ள இடங்கள், ஒவ்வொரு இடத்திலும் எடுக்கப்போகும் மண்ணின் அளவு, எடுத்த துளையைத் திரும்ப மூடும் முறை என்று வரிசையாக எழுதிவிட்டு, தேவைப்படும் காலம் என்ற இடத்தில் தை முதல் ஆனி வரை என்று போட்டேன். ஆடி பிறந்துவிட்டால் காற்று எங்களை வேலை செய்ய விடாது.